ரத்தக் குழாய் விரிவது வேறு, நோய் தீர்வது வேறு

மருந்துக் கடைகளில் எல்-அர்ஜினின் பாக்கெட்டை வாங்கிப்போகிறவர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். ஜிம்முக்குப் போய் உடம்பைத் தேற்றும் இளைஞர் ஒருவர். ஐம்பதைத் தாண்டி, மாரடைப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் இருப்பவர் இன்னொருவர். ஆண்மைக் குறைவுக்கு மருந்து கேட்கக் கூச்சப்பட்டு, சத்துப் பொடி என்ற பெயரில் அதையே கேட்பவர் மூன்றாமவர். தமிழ்நாட்டில் இவர்களையெல்லாம்விட நாம் கவலைப்பட வேண்டிய ஒருவர் உண்டு. ஏழாம் மாத ஸ்கேனில் ‘தண்ணி கம்மியா இருக்கு’, ‘குழந்தைக்கு வெயிட் பத்தல’ என்று கேட்டுவிட்டு, சீட்டில் எழுதிய பாக்கெட்டை வாங்கிவர வீட்டுக்காரரை அனுப்பும் கர்ப்பிணி. நால்வருக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: அர்ஜினின் ரத்தக் குழாயை விரிக்கும், ரத்த ஓட்டம் கூடும், அதனால் நல்லது. இதில் ‘விரிக்கும்’ என்பதற்குப் பின்னால் கடந்த நூற்றாண்டு மருத்துவ அறிவியலின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்று நிற்கிறது. ‘அதனால் நல்லது’ என்பதற்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்த்தால், நோயாளிகளிடம் செய்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. உடம்புக்குள் ஒரு பொருள் செய்யும் வேலையைக் காட்டி, அதைப் பொடியாக்கிக் குடித்தாலும் அதே வேலை நடக்கும் என்று சொல்வது மருத்துவம் ஆகாது. அர்ஜினினின் வரலாறு இதற்கு நல்ல பாடம்.

அர்ஜினின் புதிய பொருள் இல்லை. 1886-இல் எர்ன்ஸ்ட் ஷுல்ட்ஸேயும் அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ஷ்டைகரும் லூபின் என்ற பயறு வகையின் முளைகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். புரதத்தைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் அதுவும் ஒன்று. 1932-இல் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்ஸெலைட்டும், உடம்பில் சேரும் அம்மோனியா என்ற நஞ்சைக் கல்லீரல் எப்படி யூரியாவாக மாற்றி வெளியேற்றுகிறது என்று கண்டறிந்தபோது, அந்தச் சுழற்சியின் நடுவில் அர்ஜினின் இருந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது உயிர்வேதியியல் பாடப்புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. வெளியே இழுத்து வந்தது முயலின் பெருந்தமனித் துண்டு ஒன்று.

நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் பல ஆண்டுகளாக முயலின் தமனியை நாடாபோல் நறுக்கி, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, அது சுருங்குவதைப் பதிவு செய்துவந்தார். உயிருள்ள விலங்கில் அதே பொருள் ரத்தக் குழாயை விரிக்கிறதே, ஆய்வுக்கூடத்தில் ஏன் சுருங்குகிறது என்பதற்கு விடை இல்லை. ஒரு சமயம் அவர் கூடத்தில் இருந்த துண்டுகள் சுருங்காமல் விரிந்தன. காரணத்தைத் தேடிப் போனால், நாடாவாக நறுக்கும்போது குழாயின் உட்பரப்பு எதிலாவது உரசி, ஒரே ஒரு செல் கனமுள்ள உள்படலம் உரிந்துபோயிருக்கிறது. படலம் இருந்தால் குழாய் விரிகிறது, இல்லையென்றால் சுருங்குகிறது. ஃபர்ச்காட் அடுத்துச் செய்தது அழகான சோதனை. படலம் உரிந்த துண்டின் மேல் படலம் உள்ள துண்டை முகத்தோடு முகமாக ஒட்டிவைத்தார். உரிந்த துண்டும் விரிந்தது. அப்படியென்றால் படலத்திலிருந்து ஏதோ ஒன்று கசிந்து தசைக்குச் செய்தி சொல்கிறது. 1980-இல் இது வெளியானது. அந்த ‘ஏதோ ஒன்று’ நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது எண்பதுகளின் பிற்பகுதியில் உறுதியானது. உள்படலம் அந்த வாயுவைச் செய்ய எடுத்துக்கொள்ளும் மூலப்பொருள் எல்-அர்ஜினின் என்பதை 1988-இல் இங்கிலாந்தில் சால்வடோர் மொன்காடாவின் குழு காட்டியது. 1998-இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மொன்காடா விடுபட்டது அநியாயம் என்று அன்று பலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

மூலப்பொருள் என்று தெரிந்த மறுகணமே அதைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றுவது இயல்பு. தொடக்கத்தில் கிடைத்த முடிவுகளும் நம்பிக்கை தந்தன. கொழுப்பு மிகுந்தவர்களுக்கு ரத்தத்தில் அர்ஜினின் ஏற்றியபோது அவர்களுடைய ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்தன. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்பு மிகுந்த இளம்வயதினர் நாளொன்றுக்கு 21 கிராம் வீதம் நான்கு வாரம் வாய்வழியாக எடுத்துக்கொண்டபோதும் கைத்தமனி விரியும் திறன் மேம்பட்டது. ஆனால் இந்த ஆய்வுகள் அளந்தது ஒரு குழாய் எத்தனை சதவீதம் விரிகிறது என்பதை. மாரடைப்பு குறைந்ததா, ஆயுள் கூடியதா என்பதை அல்ல. அதற்குள் பொடியும் மாத்திரையும் சந்தைக்கு வந்துவிட்டன. நோபல் பெற்ற மூவரில் ஒருவரே ஒரு நிறுவனத்தின் அர்ஜினின் பொடி உருவாவதில் பங்கெடுத்தார். பரிசுக்குரிய கண்டுபிடிப்பு ஒன்று, பரிசோதிக்கப்படாத ஒரு பொருளுக்கு நற்சான்றாக மாறியது.

உடலியலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்திருந்தாலே நிதானம் வந்திருக்கும். நைட்ரிக் ஆக்சைடைச் செய்யும் நொதிக்கு வேண்டிய அர்ஜினின் மிகமிகக் குறைவு. செல்லுக்குள் சாதாரணமாகவே அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. தண்டவாளம் நிறைய ரயில் நிற்கும்போது இன்னொரு ரயிலை அனுப்பிப் பயணத்தை வேகப்படுத்த முடியாது. பிறகு சில ஆய்வுகளில் கூடுதல் அர்ஜினின் எப்படிப் பலன் தந்தது என்பது விஞ்ஞானிகளையே குழப்பியது. ‘அர்ஜினின் முரண்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். நொதியைத் தடுக்கும் ஏடிஎம்ஏ என்ற பொருள் சிலரிடம் அதிகம், அவர்களுக்குத்தான் கூடுதல் அர்ஜினின் உதவுகிறது என்பது ஒரு விளக்கம். அது சரியென்றால், அந்தப் பொருள் மிகாத ஆரோக்கியமான இளைஞருக்கு அந்தப் பாக்கெட்டால் என்ன பயன்? இதுபோக, வாய்வழியாகப் போகும் அர்ஜினினில் பெரும்பகுதியைக் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஆர்ஜினேஸ் என்ற நொதி ரத்தத்தில் சேருமுன்பே உடைத்துவிடுகிறது. அர்ஜினினுக்குப் பதில் சிட்ரலின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைக் கொடுத்தால், அது குடலையும் கல்லீரலையும் தப்பிச் சென்று சிறுநீரகத்தில் அர்ஜினினாக மாறுகிறது. ரத்தத்தில் அர்ஜினின் அளவை அது இன்னும் நன்றாகவே உயர்த்துகிறது. ஜிம் வட்டாரத்தில் சொல்லப்படும் ‘வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும்’ என்ற கூற்றுக்கும் ஒரு மூலம் உண்டு. பிட்யூட்டரி சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க, மருத்துவமனையில் பெரியவர்களுக்கு 30 கிராம் அர்ஜினினை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அந்தச் சோதனை நோயறிவதற்கானது. மூன்று கிராம் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் தோள் அகலும் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

இனி நோயாளிகளிடம் வருவோம். மாரடைப்பு வந்தவர்களுக்கு அர்ஜினின் உதவுமா என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் நடத்திய ஆய்வின் முடிவு 2006 ஜனவரியில் வெளியானது. முதல் மாரடைப்பு வந்த 153 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 77 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். ஒரு பகுதியினருக்கு வேளைக்கு 3 கிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை அர்ஜினின், மறு பகுதியினருக்கு மருந்தே இல்லாத, பார்வைக்கு அதேபோன்ற மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ரத்தக் குழாயின் விறைப்பும் குறையவில்லை, இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறனும் கூடவில்லை. ஆனால் அர்ஜினின் எடுத்தவர்களில் ஆறு பேர் இறந்திருந்தார்கள். மற்ற பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. பாதுகாப்பைக் கண்காணித்த குழு புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆறு என்பது சிறிய எண், தற்செயலாகவும் இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உயிரைக் காக்கும் என்று நம்பிக் கொடுத்த பொருள் எந்தப் பலனும் காட்டாமல், மரணங்கள் எல்லாம் அதன் பக்கமே நிகழ்ந்திருக்கும்போது, சந்தேகத்தின் பலனை நோயாளிக்குத்தான் தர வேண்டும், பொடிக்கு அல்ல. மாரடைப்புக்குப் பிறகு அர்ஜினின் கொடுக்கக் கூடாது என்று அந்த மருத்துவர்களே எழுதினார்கள்.

அடுத்த ஆண்டே இன்னொரு முடிவு வந்தது. கால் தமனிகளில் அடைப்பு இருப்பவர்கள் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து நின்றுவிடுவார்கள். சிறிது நேரம் நின்றால் வலி போய்விடும், மறுபடி நடந்தால் மறுபடி வரும். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் சேர்ந்த நம் ஊர் ஆண்களிடம் சாதாரணமாகக் காணப்படும் தொல்லை இது. அர்ஜினினுக்கு இதைவிடப் பொருத்தமான நோய் கிடையாது என்றே எவரும் நினைப்பார்கள். குழாய் அடைத்திருக்கிறது, விரிப்பான் தேவை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், அர்ஜினினுக்காக முன்பு வாதாடிய ஆய்வாளர்களே இந்த ஆய்வை நடத்தினார்கள் என்பது அவர்களுடைய நேர்மைக்குச் சான்று. 133 பேர், நாளொன்றுக்கு 3 கிராம், ஆறு மாதம். அதே 3 கிராம்தான் நம் ஊர் பாக்கெட்டுகள் பலவற்றிலும் இருக்கிறது. டிரெட்மில்லில் நடக்கவிட்டு, வலி தாங்காமல் நிற்கும் தூரத்தை அளந்தார்கள். வெற்று மருந்து எடுத்தவர்களின் தூரம் 28.3 சதவீதம் கூடியிருந்தது. அர்ஜினின் எடுத்தவர்களுக்கு 11.5 சதவீதம்தான் கூடியது. அதைவிட வியப்பானது, நீண்ட நாள் எடுத்தவர்களின் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு கிடைப்பதே குறைந்திருந்தது. மூலப்பொருளை நாள்தோறும் அள்ளிக் கொட்டினால், அதை உடைக்கும் நொதியை உடம்பு கூடுதலாகச் சுரக்கிறது என்பது ஒரு விளக்கம். நோயுற்ற உள்படலத்தில் நைட்ரிக் ஆக்சைடைச் செய்ய வேண்டிய நொதி அதற்குப் பதில் கேடு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடத் தொடங்குகிறது என்பது இன்னொன்று. எதுவானாலும், நான்கு வாரத்தில் தெரிந்த பலன் ஆறு மாதத்தில் தலைகீழாகலாம் என்பதை இந்த ஆய்வு காட்டியது. விளம்பரங்கள் இன்றும் நான்கு வாரக் கதையைத்தான் சொல்கின்றன.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. ரத்த அழுத்தத்தை அர்ஜினின் குறைக்கிறதே, அது பலன் இல்லையா என்று கேட்கலாம். உண்மைதான். 2011-இல் 11 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 387 பேரையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, மேல் அழுத்தம் சராசரியாக 5.39 புள்ளியும் கீழ் அழுத்தம் 2.66 புள்ளியும் குறைந்திருந்தது. அலட்சியப்படுத்தத்தக்க எண் அல்ல. ஆனால் அதில் இடம்பெற்ற அளவுகள் நாளொன்றுக்கு 4 கிராம் முதல் 24 கிராம் வரை. பெரும்பாலும் குறுகிய கால ஆய்வுகள். ஆய்வுக்குச் சராசரியாக 35 பேர். நீண்ட நாள் எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஏற்கெனவே எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும். உப்பைப் பற்றி 2013-இல் வெளியான தொகுப்பாய்வு, நாளொன்றுக்கு 4.4 கிராம் உப்பைக் குறைத்தால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு மேல் அழுத்தம் 5 புள்ளிக்கு மேல் குறைகிறது என்று காட்டியது. ஏறக்குறைய அதே பலன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைப் பலகாரம் என்று சேர்த்துப் பார்த்தால் நம்மில் பெரும்பாலோர் அதைத் தாண்டிவிடுகிறோம். உப்பைக் குறைப்பதற்குக் காசு செலவில்லை, யாருக்கும் லாபமும் இல்லை. அதனால் அதற்கு விளம்பரமும் இல்லை.

அர்ஜினினே பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அதுவும் தவறு. அர்ஜினின் உயிர் காக்கும் மருந்தாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. யூரியா சுழற்சியில் பிறவிக் குறை உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாளில் பால் குடிக்க மறுத்து, துவண்டு, கண் திறக்காமல் போகும். கிருமித் தொற்று என்றே பலர் நினைப்பார்கள். ரத்தத்தில் அம்மோனியாவை அளந்தால்தான் உண்மை தெரியும். இந்தக் குறைகளில் சிலவற்றுக்கு அர்ஜினினை நரம்பு வழியாக ஏற்றினால், தேங்கிய நைட்ரஜன் வேறு பாதையில் வெளியேறுகிறது. எழுபதுகளின் இறுதியில் சால் புரூஸிலோவும் மார்க் பாட்ஷாவும் உருவாக்கிய இந்தச் சிகிச்சை பல குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கம் உள்ள நம் மாநிலத்தில் இத்தகைய பிறவி நோய்களுக்கான வாய்ப்பும் கூடுதல். ஆக, எல்லா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அர்ஜினின் ஊசி இருப்பு இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் கையெழுத்திடுவேன். அதே சுழற்சியில் ஆர்ஜினேஸ் நொதியே இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு அர்ஜினின் சேர்ந்து சேர்ந்து கால்களை விறைக்கச் செய்து மூளையைக் கெடுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாருக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு, எந்த வழியாக என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த இடத்தில் அர்ஜினின் மருந்து. பெரிய வயிற்று அறுவைக்கு முன்பு அர்ஜினினும் மீன் எண்ணெயும் சேர்ந்த ஊட்டச்சத்து, தொற்றைக் குறைக்கிறது என்பதற்கும் ஓரளவு ஆதாரம் உண்டு.

கர்ப்பிணிகள் விஷயத்தில்தான் கேள்வி கடினமாகிறது. நம்பிக்கை தரும் ஆய்வு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால ரத்தக்கொதிப்பு தாய்க்கும் சேய்க்கும் எமன். மெக்சிகோ நகரில், முன்பு தமக்கோ, தம் தாய்க்கோ சகோதரிக்கோ அது வந்திருந்த 672 பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அர்ஜினினும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு வைட்டமின்களும் சேர்ந்த உணவுக் கட்டி, இன்னொரு பிரிவுக்கு வைட்டமின்கள் மட்டும் சேர்ந்த கட்டி, மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் இல்லாத கட்டி. 2011-இல் வெளியான முடிவில், எதுவும் கலக்காத பிரிவில் 30.2 சதவீதம் பேருக்கு அந்த நோய் வந்தது. வைட்டமின் மட்டும் எடுத்தவர்களில் 22.5 சதவீதம். இரண்டும் எடுத்தவர்களில் 12.7 சதவீதம். இதைப் படித்துவிட்டு உற்சாகப்படாதவர் மருத்துவரே இல்லை. ஆனால் நாம் இங்கே செய்துகொண்டிருப்பது அந்த ஆய்வு சொன்னதை அல்ல. அங்கே அதிக ஆபத்துள்ள பெண்கள், வைட்டமின்களோடு சேர்த்து. அர்ஜினின் மட்டும் கொடுத்த பிரிவே அந்த ஆய்வில் கிடையாது. இங்கே ஏழாம் எட்டாம் மாதத்தில், ஸ்கேன் எண் குறைந்தவுடன், யாருக்கு வேண்டுமானாலும் எழுதுகிறார்கள். குழந்தையின் எடைக்கு என்றால், 2009-இல் பிரான்சில் செய்த ஆய்வைப் பார்க்க வேண்டும். நச்சுக்கொடியில் ரத்த ஓட்டம் குறைந்து வளர்ச்சி தடைபட்ட கடும் நிலையில், நாளொன்றுக்கு 14 கிராம் கொடுத்தும் பிறப்பு எடையில் வித்தியாசமே தெரியவில்லை. நம் பாக்கெட்டைப்போல நான்கரை மடங்குக்கும் மேல் அது. சிறிய ஆய்வு என்பது உண்மை. ஆனால் அதைப் பொய்யாக்கும் பெரிய ஆய்வு ஒன்றைக் காட்டாமல் பாக்கெட் எழுதிக்கொண்டே இருப்பது எப்படிச் சரியாகும்?

‘கொடுத்தோம், அடுத்த ஸ்கேனில் தண்ணீர் கூடியிருந்தது, கண்ணால் பார்க்கிறோமே’ என்று அனுபவமுள்ள மகப்பேறு மருத்துவர்கள் சொல்வார்கள். அவர்கள் பார்ப்பது பொய்யில்லை. ஆனால் அந்தப் பொடியை எப்படிக் குடிக்கிறார்கள் என்று பாருங்கள். பாக்கெட்டைக் கிழித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ முறை. கூடவே ‘தண்ணி நல்லாக் குடிங்க, இடது பக்கமாப் படுங்க, இளநீர் எடுத்துக்குங்க’ என்ற அறிவுரை. தாய் வழக்கத்தைவிடக் கூடுதலாக இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தாலே பனிக்குட நீரின் அளவீடு உயர்கிறது என்பது காக்ரேன் தொகுப்பாய்வில் பதிவான செய்தி. அத்தோடு, அந்த நீரின் அளவு நாளுக்கு நாள் தானாகவே ஏறி இறங்கும். குறைவாகத் தெரிந்த நாளில் மருந்து தொடங்கினால், அடுத்த முறை பெரும்பாலும் கூடியேதான் தெரியும். தண்ணீரின் பலனையும் இயற்கையின் ஏற்ற இறக்கத்தையும் பொடியின் பலனையும் பிரித்துக் காட்ட ஒப்பீட்டுப் பிரிவு ஒன்று வேண்டும். வெற்றுப் பொடியை அதே தண்ணீரில் கலக்கிக் குடித்தவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியாமல், எவ்வளவு பெரிய அனுபவத்தாலும் இதைச் சொல்ல முடியாது. அது அனுபவத்தைக் குறைத்துச் சொல்வது ஆகாது. ஸ்டான்ஃபோர்டு நோயாளிகளும் ஒப்பீட்டுப் பிரிவு இல்லாதிருந்தால், ‘11.5 சதவீதம் கூடுதலாக நடக்கிறேன், அர்ஜினினுக்கு நன்றி’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இயற்கையான சத்துதானே, உணவில் இருப்பதுதானே, கெடுதல் என்ன என்பது இன்னொரு வாதம். உணவில் இருப்பது உண்மை. 100 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 3 கிராம் அர்ஜினின் இருக்கிறது. அதாவது ஒரு பாக்கெட்டுக்குச் சமம். எள்ளிலும் பருப்பு, பயறு வகைகளிலும் நிறைய உண்டு. உடம்பு தானாகவும் கொஞ்சம் செய்துகொள்கிறது. ஒழுங்காகச் சாப்பிடும் எவருக்கும் அர்ஜினின் பற்றாக்குறை வருவது அரிது. பற்றாக்குறையான சாப்பாடு என்றால் அங்கே குறைவது அர்ஜினின் மட்டுமாக இருக்காது, புரதமும் இரும்பும் கால்சியமும் சேர்ந்தே குறையும். அதற்குத் தீர்வு தனி அமினோ அமிலம் அல்ல, வயிறார நல்ல சாப்பாடு. கெடுதல் இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. அளவு கூடினால் வயிற்றோட்டம் வரும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரையோ ஆண்மைக் குறைவுக்குச் சில்டெனாஃபிலோ எடுப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென இறங்கலாம். அதனால்தான் மருத்துவரிடம் சொல்லாமல் ஆண்மைக்காக வாங்குகிறவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. இயற்கையான அமினோ அமிலம் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதனோடு வேறு எது வருகிறது என்பதும் கேள்வி. 1989-இல் அமெரிக்காவில் தூக்கத்துக்காக எல்-டிரிப்டோஃபான் மாத்திரை எடுத்தவர்களில் 1,500-க்கும் அதிகமானோர் கடும் தசைவலி நோயில் விழுந்தார்கள், 37 பேராவது இறந்தார்கள். ஒரே உற்பத்தியாளரின் சரக்கில் கலந்திருந்த மாசை நோக்கியே விசாரணை நீண்டது. டிரிப்டோஃபானும் பாலில் இருக்கிறது, முட்டையில் இருக்கிறது.

நம் நாட்டில் இத்தகைய பொடிகளில் பெரும்பாலானவை மருந்துச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் துணை உணவாக விற்கப்படுகின்றன. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். சிறிய எழுத்தில் ‘ஹெல்த் சப்ளிமென்ட்’ என்றும், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியும் இருக்கும். அச்சிட வேண்டும் என்பது விதி. நோய்க்கு என்று மருத்துவர் சீட்டில் எழுதி, நோய்க்கு என்று நோயாளி வாங்கி, நோய்க்கு என்று குடிக்கும் பொருளின் மேல் அந்த வரி இருக்கிறது. உணவு என்பதால் பலனை நிரூபிக்கும் பெரிய ஆய்வு தேவையில்லை, மருந்துபோலப் புழங்குவதால் நம்பிக்கைக்கும் குறைவில்லை. உற்பத்தியாளருக்கு இரண்டு பக்கமும் வசதி, நோயாளிக்கு இரண்டு பக்கமும் பாதுகாப்பு இல்லை. மருத்துவர் சீட்டில் எழுதப்படும் எந்தத் துணை உணவுக்கும், எந்த நோய்க்கு எந்த ஆய்வின் அடிப்படையில் என்று நோயாளி கேட்டால் சொல்லும் கடமை மருத்துவருக்கு இருக்க வேண்டும். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரி தமிழிலும், படிக்கும் அளவிலும் அச்சாக வேண்டும்.

‘உறுதியான ஆதாரம் வரும்வரை கர்ப்பிணியைக் கைவிடச் சொல்கிறீர்களா?’ என்று கேட்பவர்களுக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. ஆதாரம் உள்ளவை ஏற்கெனவே கைவசம் உண்டு. கால்சியம் குறைவாகச் சாப்பிடும் மக்களிடையே கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் 2 கிராம் கால்சியமும், அதிக ஆபத்துள்ளவர்களுக்குக் கர்ப்பத்தின் முற்பாதியிலேயே தொடங்கிக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டும் மலிவு. ஒவ்வொரு வருகையிலும் பிபி பார்ப்பதும், சிறுநீரில் புரதம் பார்ப்பதும் அதைவிட மலிவு. குடும்பம் மாதக்கணக்கில் பொடிக்குச் செலவிடும் பணத்தில் முட்டையும் கடலையும் பாலும் வரும். செவிலியர் மாத்திரையைப் பற்றியும் பிபியைப் பற்றியும் சொல்லும் சில நிமிடங்களை, பாக்கெட் எப்படிக் கலக்க வேண்டும் என்ற விளக்கம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அர்ஜினின் கர்ப்பிணிகளுக்கு உதவுமா என்ற கேள்வியைத் தமிழ்நாட்டிலேயே தீர்க்கலாம். இங்கே ஆண்டுதோறும் பல லட்சம் பிரசவங்கள், ஏறக்குறைய எல்லாமே மருத்துவமனைகளில் நடக்கின்றன. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை 1844 முதல் இயங்குகிறது. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி இருக்கிறது, பெரும்பாலான மாவட்டங்களில் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, வேலூரில் ஆய்வு மரபு உள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மெக்சிகோவில் 672 பேரிடம் செய்ததை இங்கே பல ஆயிரம் பேரிடம் செய்ய முடியும். ஒரு பிரிவுக்கு அர்ஜினின் மட்டும், ஒரு பிரிவுக்கு அதே நிறம், அதே சுவை உள்ள வெற்றுப் பொடி. இரண்டு பிரிவுக்கும் வழக்கமான கால்சியமும், தேவைப்படுவோருக்கு ஆஸ்பிரினும். அளக்க வேண்டியது ஸ்கேன் எண்ணை அல்ல. எத்தனை தாய்க்கு வலிப்பு வந்தது, எத்தனை குழந்தை குறைமாதத்தில் பிறந்தது, எத்தனை குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள். தொடங்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிந்துவிட்டால், முடிவு பாதகமாக வந்தாலும் மறைக்க முடியாது. பணத்தை அரசு போட வேண்டும். பொடி விற்பவர்களிடம் வாங்கக் கூடாது. பலன் உண்டு என்று தெரிந்தால், அர்ஜினினை மருந்துப் பட்டியலில் சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுக்கலாம். இல்லை என்று தெரிந்தால், அடுத்த நாளே சீட்டில் எழுதுவதை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பலாம்.